லேப்டாப்ல ‘ஃபுல் பேக்’ ஏத்துன என் மச்சினன்

இன்னைக்குக் காலைல ரெட்டியார்சத்திரத்துல இருந்து மச்சினன் போன். அங்க போட்டோ ஸ்டூடியோ வச்சிருக்கான்.

"மாமா, செத்தேன்! லேப்டாப் ஓப்பனே ஆக மாட்டேங்குது. கல்யாண போட்டோ அம்புட்டும் அதுலதான் கெடக்கு. சாயந்தரம் பொண்ணு வீட்டுக்காரவுங்க வாராங்க!"

அழுதுட்டான், பாவம். கல்யாணத்த இன்னொரு தடவையா நடத்த முடியும்?

வண்டிய எடுத்துக்கிட்டு ஓடுனேன்.

"புது லேப்டாப் தானடா? ஒரிஜினல் விண்டோஸ் கூடவே வந்துச்சே?"

"அத அழிச்சுட்டு, திண்டுக்கல்ல ஒரு கடையில ‘ஃபுல் பேக்’ ஏத்திக்கிட்டேன் மாமா. விண்டோஸு, ஆல்பம் சாஃப்ட்வேரு, தமிழ் ஃபான்ட்டு, எல்லாமே கிராக் பண்ணது. மொத்தமாப் போட்டுத் தருவாங்க."

(கிராக்கோட வைரஸும் மொத்தமா வந்துருக்கு!)

வேணும்னு கேக்காட்டியும் லேப்டாப் வெலையிலயே விண்டோஸுக்கும் சேத்து காசு புடுங்கியாச்சு. அத அழிச்சுட்டு, திருட்டு விண்டோஸ ஏத்துறதுக்குத் தனியாக் கூலி! என் மாமனார் வீட்டு மூளையே மூளை!

(பொண்டாட்டி இதப் படிக்க மாட்டாங்கிற தைரியந்தான்.)

விண்டோஸுக்குப் பதிலா ஓடுற இலவச லினக்ஸ், பென்டிரைவுல எப்பவும் என் பையில இருக்கும். அதச் சொருகுனேன். லேப்டாப் எந்திரிச்சுருச்சு! தாலி கட்டுனதுல இருந்து பந்தி வரைக்கும் ஒரு போட்டோ விடாம காப்பி பண்ணிக் குடுத்தேன்.

மச்சினன் கட்டிப் புடிச்சுக்கிட்டான். எனக்கும் கண்ணு கலங்கிருச்சு. லினக்ஸ் லினக்ஸ்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துனவனுக்கு இப்பத்தான் ஒரு ஆளு சிக்கியிருக்கான்!

"இதையே போட்டு விட்றவா மாப்ள? காசே கெடையாது."

"ஃபுல் பேக்குக்கு மட்டும் யாரு காசு குடுத்தா? ஏத்துற கூலிதான மாமா. ஆல்பம் சாஃப்ட்வேர் இதுல ஓடுமா?"

"அது ஓடாது... ஆனா வேற ஒண்ணு..."

"அப்ப நான் எதுக்கு மாமா புதுசாப் பழகணும்?"

போச்சு! வெல போட்டு விக்கிற சரக்கோட மோதுனா இலவசம் ஜெயிக்கும். திருட்டோட மோதுனா அது என்னத்த ஜெயிக்க?

"ஆனா அந்தப் பென்டிரைவ மட்டும் குடுத்துட்டுப் போங்க மாமா. மறுபடி ஃபுல் பேக் ஏத்துவேன்ல, படுத்துருச்சுன்னா எழுப்பணும்."

குடுத்துட்டு வந்தேன். வேற என்ன பண்ண?

அந்தக் கல்யாணத்துக்கு நாங்களும் போயிருந்தோம். நானும் என் பொண்டாட்டியும் நின்ன போட்டோ ஒண்ணு அனுப்பச் சொன்னேன். வாட்ஸப்புல வந்துச்சு. எங்க ரெண்டு பேரு மூஞ்சி மேலயும் குறுக்கால, கொட்டை எழுத்துல அவன் ஸ்டூடியோ பேரு!

"என்ன மாப்ள இது?"

"வாட்டர்மார்க் மாமா. இல்லாட்டி காசு குடுக்காம அப்படியே எடுத்து யூஸ் பண்ணிக்கிறாய்ங்க. சனங்களுக்கு நேர்மையே இல்ல மாமா!"