மூட்டைப்பூச்சிக்காக ஆற்றில் இறக்கிய வண்டி

மூட்டைப்பூச்சிக்கு என் மேல் என்ன கோபமோ தெரியாது. எனக்கு அதன் மேல் இருந்த கோபம் இன்றுவரை தீரவில்லை.

என் வீட்டுக்காரர் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். எஹலியகொடையிலிருந்து குருவிட்ட வரைக்கும் தோட்டம் தோட்டமாகப் போய், லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்களின் அண்டா, குண்டான், போசி எல்லாவற்றையும் வாங்கி, மண் போட்டுத் தேய்த்து, நெருப்பில் காய்ச்சி, உள்ளே வெள்ளி மாதிரி ஈயம் பூசிக் கொடுப்பார். எங்களுக்கு வீடு என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஒற்றை மாட்டுக் கூண்டு வண்டிதான் வீடு. பின்பக்கம் துருத்தியும் கரி மூட்டையும், முன்பக்கம் நாங்கள், கூரை மூங்கிலில் பிள்ளையின் தூளி.

கல்யாணமான புதிதில் அந்த வண்டி எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. லயத்து அறையில் பிறந்து வளர்ந்தவளுக்கு நாளுக்கு ஒரு வாசல் என்பது சும்மாவா? ஒரு நாள் வாசலில் ரப்பர் மரம், மறுநாள் வாசலில் ஆறு. ராணி மாதிரி உட்கார்ந்து வருவேன்.

பிள்ளை பிறந்த பிறகுதான் பூச்சி வந்தது. எந்தத் தோட்டத்தில் ஏறியதோ, எந்தச் சாக்கில் வந்ததோ, யார் கண்டார்கள்? பலகை இடுக்கு, மூங்கில் கணு, கீற்று மடிப்பு என்று ஒரு இடம் பாக்கியில்லாமல் குடியேறிவிட்டது. என்னைக் கடித்தபோது சொறிந்துகொண்டு சும்மா இருந்தேன். அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்த என் மகளின் முதுகெல்லாம் தடித்துச் சிவந்து, அவள் தூக்கமில்லாமல் வீல் வீலென்று அழுதபோதுதான் சண்டைக்கு இறங்கினேன்.

டவுனில் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் மண்ணெண்ணெய் தடவச் சொன்னார். தடவினோம். பிள்ளை இருமியதுதான் மிச்சம். பூச்சிகள் விருந்துக்குப் போனவர்கள் மாதிரி இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தன. வேப்பிலை போடலாமென்றால் இந்த மழை ஊரில் வேப்பமரத்துக்கு எங்கே போவது? வெயிலில் காய வைக்கலாமென்றால், குருவிட்டப் பக்கம் வெயிலை நம்பித் துணி காயப்போடுகிறவளே ஏமாளி. வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன். எங்களிடம் இருந்த ஒரே போசித் தண்ணீர் ஒரு பலகையின் கால்வாசிக்குக்கூடப் போதவில்லை, அதுவும் கொண்டுபோவதற்குள் ஆறிவிட்டது.

கடைசியாக என் வீட்டுக்காரர் தன் தொழில் மூளையைக் காட்டினார். ஈயம் பூசும்போது தேய்க்கிற நவச்சாரம் இருக்கிறதே, சூட்டில் பட்டால் கண்ணை எரிக்கிற வெள்ளைப் புகை கிளம்பும். வண்டியைச் சாக்கால் மூடி, உள்ளே நெருப்புச் சட்டியை வைத்து அதில் நவச்சாரத்தை அள்ளிப் போட்டார். மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு தேயிலை மலையில் பாதி தூரம் ஓடிவிட்டது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மூக்கைப் பொத்தியபடி அதன் பின்னால் ஓடினேன். திரும்பி வந்தால் இவர் கண்ணீர் வடிய நிற்கிறார்.

"பூச்சியெல்லாம் செத்துப்போச்சி புள்ள" என்றார். அவர் தோள் துண்டிலேயே ஒன்று நிதானமாக ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

விஷயம் தோட்டங்களில் பரவிவிட்டது. அந்த முறை ஆற்றுக்கு மேலே இருந்த தோட்டத்துக்குப் போனபோது, கடைசி லயத்தில் இருந்த ஒரு அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலிலேயே மறித்தாள்.

"மூட்டப்பூச்சி வண்டியா? தள்ளிக் கொண்டுபோயி ஆத்துக்கிட்ட நிப்பாட்டுங்க தம்பி. ஏனத்தக் குடுக்குறோம். ஆனா எங்க அண்டாவ மட்டும் அந்த வண்டிக்குள்ள வச்சிறாதீங்க, சொல்லிப்புட்டேன்."

எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. இவர் "சரிங்கக்கா, சரிங்கக்கா" என்று தலையை ஆட்டிக்கொண்டு ஒரு சுமை பாத்திரங்களோடு வந்தார்.

அந்த நேரம் பார்த்து எஹலியகொடைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து என் அண்ணன் வந்தார். பிள்ளையின் முதுகைப் பார்த்தவர் நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்கவில்லை.

"தங்கச்சி, ஞாயித்துக்கிழம வர்றேன். பூச்சி போயிருந்தா சரி. இல்லாட்டி புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கூட வந்துரு. கங்காணிகிட்டச் சொல்லி தோட்டத்து வேலைக்கு ஒனக்குப் பேர் போட்டுத் தாறேன். மாப்புள, நீங்களும் வாங்க. லயத்துல ஒரு காம்பரா கெடைக்கும்."

அண்ணன் போன பிறகு இவர் சொன்னார்.

"நீ போ புள்ள. புள்ளைக்காவப் போகத்தான் வேணும். நான் பெரட்டுக் களத்துல போயி நிக்க மாட்டேன்."

காலையில் பேர் கூப்பிடுகிற அந்தப் பெரட்டில் இவருடைய அப்பா எப்படி நின்றார், என்னென்ன ஏச்சு வாங்கினார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால் நான் வற்புறுத்தவில்லை. போகிறேன் என்றும் சொன்னேன், போகக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். புருஷனையும் பிள்ளையையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, எந்தக் கையை விடுவது என்று நிற்கிற நிலைமை எதிரிக்கும் வரக்கூடாது.

ஆற்றோரத்தில் மாணிக்கக்கல் குழி தோண்டுகிற சிங்கள ஆட்கள் தங்குவதற்குக் குடிசையாக வாடி போட்டிருந்தார்கள். அவர்களில் வயதானவர் என் மகளைத் தூக்கி வைத்துக் கொஞ்சுவார். பிள்ளையின் முதுகைப் பார்த்துவிட்டு, "கங்கட்ட தாலா தியன்ன" என்றார். வண்டியை ஆற்றில் போட்டு வையுங்கள் என்கிறார். அவர்கள் தங்கள் மூங்கில் கட்டில்களைக் கல் ஏற்றி ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் முக்கி வைப்பார்களாம். பூச்சி மூச்சுத் திணறிச் செத்துவிடுமாம்.

இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. சாமான்களையெல்லாம் கரையில் இறக்கிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஆழத்தில் விட்டு, கரை மரத்தில் கயிற்றால் கட்டினோம். மரவண்டி, மிதந்து மிதந்து வந்தது. பாரம் வைக்க வேண்டும். நான் கல் பொறுக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், இவர் லயத்துப் பாத்திரங்களில் மணலை நிரப்பி வண்டிக்குள் அடுக்கிக்கொண்டிருக்கிறார்!

"அந்த அக்கா வண்டிக்குள்ள வைக்காதீங்கன்னு சொல்லுச்சேங்க!"

"எப்பிடியும் மண்ணு போட்டுத் தேய்க்கத்தானே வேணும் புள்ள. ஊறட்டும். ஒரே வேலையாப் போயிரும்" என்றார்.

கடைசி லயத்து அக்காவின் அண்டாதான் இருப்பதிலேயே பெரியது. அதை நடுவில் வைத்தார். வண்டி நல்ல பிள்ளையாகக் கூரை வரைக்கும் அமிழ்ந்தது. அன்று நாங்கள் குழிக்காரர்களின் வாடியில் தங்கினோம். என் மகள் எத்தனையோ நாளைக்குப் பிறகு அசையாமல் தூங்கினாள். இவர் ஈ ஓட்டுகிற சாக்கில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் எங்கள் தலைக்கு மேல் அதிசயமாக வெயில் அடித்தது. ஆறு பிறக்கிற சிவனொளிபாத மலைப் பக்கம் கொட்டித் தீர்த்த மழை எங்களுக்கு எப்படித் தெரியும்? மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது, குழிக்கார அய்யா "வத்துர எனவா! வத்துர எனவா!" என்று, தண்ணீர் வருகிறது என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். எட்டிப் பார்த்தேன். ஆறு தேத்தண்ணி நிறத்தில் பொங்கி வருகிறது. கட்டிய மரத்தின் அடியைத் தண்ணீர் தொட்டுவிட்டது.

இவர் குதித்துவிட்டார். குழிக்காரர்கள் தங்கள் வடத்தை வீசி வண்டியில் கட்டச் சொன்னார்கள். எல்லோருமாக இழுத்தார்கள். மணல் பாரத்தில் வண்டி அசையவில்லை. "பாஜன விசி கரன்ன!" என்று கத்தினார்கள். பாத்திரங்களை எறிந்துவிட்டால் வண்டியை இழுத்துவிடலாம். அவ்வளவுதான் விஷயம். எங்கள் வீடு எங்களுக்கு.

இவர் எறியவில்லை. ஒவ்வொன்றாக மணலைக் கொட்டி, கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு கை மாற்றிக் கொடுத்தார். குண்டான் வருகிறது, போசி வருகிறது, இன்னொரு குண்டான் வருகிறது. நான் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன்.

"அண்டாவ விட்டுட்டு ஏறி வாங்களேன்! ஏங்க, கேக்குதா!"

அண்டாவைக் கவிழ்த்து அவர் வெளியே எடுத்த நேரம் கயிறும் அறுந்தது, வடமும் அறுந்தது. வண்டி ஒரு சுற்றுச் சுற்றிப் போய்விட்டது. காலி அண்டாவைக் கட்டிக்கொண்டு இவர் மிதந்தார். குழிக்கார அய்யா கம்பை நீட்டிக் கரையேற்றினார்.

அந்தப் பூச்சி வண்டி போய்த் தொலையட்டும் என்று எத்தனை தரம் சபித்திருப்பேன்! அது நிஜமாகவே போனபோது, செத்த வீட்டில் அழுகிற மாதிரி உட்கார்ந்து அழுதேன். இவர் நடுங்கிக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவுங்க ஏனம் புள்ள. அக்கரச் சீமையில இருந்து கடல் தாண்டித் தலையில சொமந்து வந்தது. நான் என்னான்னு போயிச் சொல்லுவேன்?" என்றார். பிறகு, "நாளைக்கு அண்ணன் வந்தா நீ போ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளம் வடிந்தது. வளைவில் இருந்த மூங்கில் புதரில் வண்டி மாட்டிக்கொண்டிருப்பதைக் குழிக்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள். கூரை இல்லை. சக்கரம் இரண்டும் இருந்தன. கரைக்கு இழுத்துப் போட்டார்கள். அதற்குள் செய்தி கேட்டு லயத்துப் பெண்கள் பதறிக்கொண்டு வந்துவிட்டார்கள். வாடி வாசலில் பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. ஒன்றும் குறையவில்லை. கடைசி லயத்து அக்கா தன் அண்டாவைத் திருப்பி, விளிம்பில் வெட்டியிருந்த அவள் அம்மாவின் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். வண்டிக்குள் ஏன் வைத்தாய் என்று கேட்பாள் என்று நான் பயந்துகொண்டு நின்றேன். அவள் கேட்கவில்லை.

அப்போதுதான் வெயில் பட்ட வண்டிப் பலகை இடுக்கிலிருந்து ஒரு மூட்டைப்பூச்சி மெல்ல வெளியே வந்தது. ஆறு பார்த்து, வெள்ளம் பார்த்து, மூங்கில் புதர் பார்த்து, ஒரு கால்கூட ஒடியாமல் நடந்து வந்தது. எல்லோரும் அதையே பார்த்தோம். முதலில் இவர்தான் சிரித்தார். அப்புறம் நான். அப்புறம் ஆற்றங்கரையே சிரித்தது.

"இதுக்கு ஆத்துத்தண்ணி காணாது தம்பி" என்றாள் அக்கா. "ஏய், அடுப்ப மூட்டுங்கடி. அவங்கவங்க ஏனத்துல தண்ணிய வைய்யுங்க."

கரை முழுக்கக் கல் கூட்டி, ரப்பர் விறகை வைத்து மூட்டினார்கள். துருத்தியைக் கொண்டுவந்து இவர் ஊதினார். அவர் கை மாற்றிக் கொடுத்த குண்டானும் போசியும் கொதிக்கக் கொதிக்கத் திரும்பி வந்து, ஒவ்வொரு இடுக்கிலும் கவிழ்ந்தன. செத்த பூச்சி கொத்துக் கொத்தாக வழிந்தது. என் பிள்ளையைக் கடித்தவை. எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

அண்ணன் வந்து சேர்ந்தபோது பெரிய அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. ஆவிக்கு நடுவில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, "சாமான் கட்டிட்டியா தங்கச்சி?" என்றார்.

இவர் துருத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஈரச்சாக்கு ஒன்றை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தேன்.

"அண்டாவோட அந்தப் பக்கத்துக் காதைப் புடிங்கண்ணே. இந்தப் பக்கம் அவர் புடிப்பாரு. சீக்கிரம், தண்ணி ஆறிரும்."