அம்மாவின் கெட்டிப்பாகுக் கடலைமிட்டாய்

எங்கள் அம்மாவின் தலைத் திதிக்கு வெயிலையும் தூரத்தையும் பாராமல் வந்திருந்த உற்றார் உறவினருக்கும், வர இயலாமல் போனவர்களுக்கும் அம்மாவின் மூத்த மகள் வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவைப் பற்றி இந்த நினைவு மலரில் நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள் தம்பிமார். நல்லது நிறைய உண்டு. ஆனால் அம்மாவின் கடலைமிட்டாயை விட்டுவிட்டு எழுதினால், அதைக் கடித்தவர்கள் யாரும் என்னை நம்ப மாட்டார்கள்.

அம்மா பிறந்தது தேவதானப்பட்டியில். உத்தமபாளையம் பக்கம் எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது வீட்டில் பெரியவர்கள் என்று யாரும் இல்லை. அப்பாவும் சித்தப்பாவும் மட்டும்தான். சித்தப்பாவுக்குத் தேவாரம் ஊரில் பெண் பார்த்து, முன்னின்று கட்டிவைத்ததும் அம்மாதான். அம்மாவும் சித்தியும் ஒரே அடுப்பில் பொங்கித் தின்று, ஊர் கண்படும்படி ஒற்றுமையாக இருந்தார்கள். பாகு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகாது. தண்ணீரில் விட்ட பாகுச் சொட்டை எடுத்துச் செம்பில் தட்டினால் டங்கென்று கேட்க வேண்டும் அம்மாவுக்கு. சித்தி அதற்கு வெகு முன்பே சட்டியை இறக்கச் சொல்வார்.

ஒரு பொங்கலுக்குச் சித்தியின் அண்ணன் சீர் கொண்டுவந்தார். அம்மா பெருமையோடு கடலைமிட்டாய் எடுத்துவைத்தார். அவர் கடித்த கடியில் முன்பல் பாதி உடைந்து கையில் வந்துவிட்டது. அவர் சிரித்துவிட்டார். சித்தி சிரிக்கவில்லை.

"எங்க அண்ணன் வர்றாகன்னு தெரிஞ்சேதான் பாகை இப்பிடி இறுக விட்டிருக்காக."

"பல்லு சொத்தையா இருந்தா மிட்டாய் என்னத்தா பண்ணும்?" என்று அம்மா கேட்டுவிட்டார். கேட்டிருக்க வேண்டாம். அம்மாவின் வாய் அப்படி. பெற்றவராயிற்றே என்று நான் அதை மறைக்கப் போவதில்லை.

அன்றோடு பேச்சு நின்றது. அடுப்பும் இரண்டாயிற்று. ஏதாவது சொல்லியே ஆகவேண்டுமென்றால் தொழுவத்து எருமையிடம் சொல்வார்கள். "ஏ எருமை, கெணத்துக் கயிறு இத்துப்போச்சு, பாத்து எறைக்கச் சொல்லு" என்பார் அம்மா. "எருமைக்கு என்ன கண்ணா அவிஞ்சுபோச்சு? அதுக்குத் தெரியும்" என்று சித்தியும் அதே எருமையைப் பார்த்துப் பதில் சொல்வார். எங்கள் குடும்ப விவகாரம் அந்த எருமை அளவுக்குத் தெரிந்தவர் ஊரில் ஒருவரும் இல்லை.

இந்த நிலையில் எனக்குக் கடமலைக்குண்டில் மாப்பிள்ளை அமைந்தது. சித்தப்பாவும் சித்தியும் பந்தலில் நிற்காவிட்டால், ஒற்றுமையில்லாத வீட்டுப் பெண் என்று போன இடத்தில் காலமெல்லாம் என்னைக் குத்திக் காட்டுவார்கள். அந்தக் கவலையில் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் போய் அழைக்க மனம் வரவில்லை. வாய் திறந்து கூப்பிடாமல் வரமாட்டேன் என்று சித்தியும் எருமையிடம் சொல்லிவிட்டார்.

சீருக்குக் கடலைமிட்டாய் போடும் நாள் வந்தது. மணலில் வறுத்துத் தேய்த்த கடலையை அம்மா சுளகில் புடைத்து வைத்துக்கொண்டார். பெரிய இரும்புச் சட்டியில் மண்டைவெல்லம் கொதித்தது. அவ்வளவு பெரிய சட்டியென்றால் ஒருவர் சாய்க்க, இன்னொருவர் சூட்டோடு பலகையில் வழித்து, நெய் தடவிய செம்பின் அடியால் தேய்த்துப் பரப்ப வேண்டும். எப்போதும் தேய்ப்பது சித்திதான். கல்யாணப்பெண் என்று என்னை அடுப்பருகே விடவில்லை. தனியாகவே சமாளிப்பேன் என்பது அம்மாவின் வீம்பு.

பாகு பதத்துக்கு வந்தது. கடலையைக் கொட்டிக் கிளறிய பிறகுதான், சட்டியைத் தூக்கினால் தேய்க்கக் கையில்லை என்று அம்மாவுக்கு உறைத்தது. "ஏ எருமை, இங்கன ஒரு கை..." என்று தொடங்கினார். எருமை மேய்ச்சலுக்குப் போயிருந்தது. சட்டிக்குள் கரண்டி நகர மறுத்தது.

"ஏத்தா, ஓடியா! இறுகுது!"

சித்தி ஓடி வந்தார். "சாய்ங்கக்கா, சாய்ங்க!" என்று கத்திக்கொண்டே செம்பை எடுத்துத் தேய்த்தார். ஆறுவதற்குள் இருவருமாகக் கத்தியால் கோடு போட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான், பேசிவிட்டோமே என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்தி ஒரு துண்டை ஒடித்துப் பார்த்து, "சம்பந்தி வீட்டுலயும் பல்லு இருக்குக்கா" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. கல்யாணத்தன்று என் தோளைப் பிடித்து மணையில் உட்காரவைத்தது சித்திதான். இரண்டாவது அடுப்பை அந்த வாரமே இடித்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் மலைக்காய்ச்சல் அப்பாவைக் கொண்டுபோயிற்று. தம்பிமார் அப்போது சிறுவர்கள். எங்கள் காட்டையும் சேர்த்துச் சித்தப்பாதான் உழுதார். யுத்தகாலத் தட்டுப்பாட்டிலும் சித்தி என் தம்பிமாருக்கும் தன் பிள்ளைகளுக்கும் வேற்றுமை பார்க்காமல் கஞ்சி ஊற்றினார். அன்று அம்மா கூப்பிடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

கடைசி மாதங்களில் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். பல்லும் போய்விட்டது. சித்தி இளம்பாகில் கடலையைப் பொடித்துப் பிசைந்து ஊட்டுவார். "இதென்னத்தா, மிட்டாயா கூழா?" என்று குறை சொல்லிக்கொண்டே அம்மா முழுவதையும் சாப்பிடுவார். ஒரு மாசி மாதக் காலையில், சித்தியின் மடியில் தலைவைத்தபடி அமைதியாகக் கண்மூடினார்.

கூப்பிட்ட நேரமெல்லாம் வந்து நாடி பார்த்த வைத்தியருக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், வண்டி கட்டிவந்து துக்கத்தில் பங்குகொண்ட பங்காளிகள், சம்பந்திமார், அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சித்திக்கு நன்றி சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

ஓராண்டாக எங்கள் வீட்டில் இனிப்புச் சட்டி ஏறவில்லை. திதி முடிந்த மறுநாள் சித்தி ஏற்றினார். சாய்க்க நான் நின்றேன். இளம்பாகிலேயே இறக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை. சொட்டைச் செம்பில் தட்டுவதும், தலையாட்டுவதும், மறுபடி அடுப்பைத் தூண்டுவதுமாக இருந்தார். டங்கென்று கேட்ட பிறகுதான், "இதான் அக்கா பக்குவம், எறக்கு" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இம்மலரோடு வரும் பொட்டலத்தில் இருப்பது அந்தக் கடலைமிட்டாய்தான். பல் ஆடுகிறவர்கள் கடிக்க வேண்டாம், வாயில் ஒதுக்கி மெதுவாகக் கரையவிடுங்கள் என்று சித்தி சொல்லச் சொன்னார்.