ஒட்டாவாவில் இல்லாத பெயர்

கியூபெக் மாகாணத்தில், கர்க்லாண்ட் என்ற இடத்தில் ஒரு கிழவரின் வீட்டில் நான் ஆறு வருசம் வேலை செய்தேன். மனைவி இறந்து தனியாக இருந்தார். ஒரே மகள் வன்கூவரில். செயின்ட்-மிஷேலில் உள்ள என் வீட்டில் இருந்து மெட்ரோவும் இரண்டு பஸ்ஸும் பிடித்துப் போய், சமைத்து, மருந்துக் குளிசைகளைப் பெட்டியில் பிரித்து வைத்து, வீங்கிய கால்களுக்குக் களிம்பு பூசி விடுவது என் வேலை. மனுசன் நல்ல மனுசன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு நான் செய்த காரியத்துக்கு அவருடைய குணம் சாட்டு ஆகாது.

அவர் தென்னாபிரிக்காவில் பிறந்த வெள்ளைக்காரர். ஆப்பிரிக்கானர் என்பார்கள், ஒல்லாந்தில் இருந்து முன்னொரு காலம் போய்க் குடியேறியவர்களின் பரம்பரை. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் நாட்டையே கைக்குள் வைத்திருந்த கூட்டம். ஆட்சி போன பிறகு வாக்கு எண்ணிக்கையில் சிறுபான்மை. அவர்களுக்கென்று ஒரு சின்னக் கட்சி இருக்கிறது. தங்கள் மொழியில் பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம், தங்களுக்கென்று ஒரு மூலை, இதைத்தான் ஒவ்வொரு தேர்தலிலும் கேட்கும். பாராளுமன்றத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆசனங்கள். கிழவர் அந்தக் கட்சிக்காரர். காலையில் நான் கதவைத் திறக்கும்போதே கம்பியூட்டரில் யாரோ அவருடைய பாசையில் பேசிக்கொண்டிருப்பார்கள், தெருவுக்கே கேட்கும்.

கியூபெக்காரர் தங்கள் பிரெஞ்சைக் கட்டிக் காக்கும் விதத்தில் அவருக்குச் சரியான பொறாமை. "நாங்கள் இவர்களைப் பார்த்துப் படித்திருக்க வேண்டும்" என்பார். முப்பது வருசம் இங்கே இருந்தும் அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு 'பொன்ஜூர்', 'மெர்சி' இரண்டும்தான். நான் அதைச் சொல்லிச் சீண்டுவேன். கோபிக்க மாட்டார்.

அங்கே தேர்தல் வந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களும் போடலாம், ஆனால் எங்களுக்குக் கிட்ட இருந்த தூதரகம் ஒட்டாவாவில்தான். அதோடு, இந்த நாட்டில் இருந்து வாக்குப் போடப் போகிறேன் என்று முன்கூட்டியே இணையத்தில் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். மனைவி வருத்தமாய்ப் படுக்கையில் கிடந்ததால் போன இரண்டு தேர்தலையும் விட்டுவிட்டார். இந்த முறை எப்படியும் போட வேண்டும், இதுதான் என் கடைசி வாக்காக இருக்கும் என்றார். அவருக்குக் கண் சரியில்லை. படிவத்தை என்னை நிரப்பச் சொன்னார்.

நிரப்பிக்கொண்டு இருக்கும்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, என் தோளில் தட்டி, "நீயும் நானும் ஒன்றுதான். இரண்டு பேரும் சொந்த நாட்டில் மொழிக்காக அடிபட்ட சிறுபான்மை" என்றார்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. நாங்கள் யுத்தத்தில் இருந்து உடுத்த சாரத்தோடும் ஒரு பையோடும் ஓடி வந்தவர்கள். நீங்கள் மற்றவனுக்கு வாக்கே இல்லை என்று சட்டம் போட்டு, அவனை ஊருக்கு வெளியே குடியிருத்தி வைத்திருந்தவர்கள். எந்தக் கணக்கில் நாங்கள் ஒன்று? கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவர் ஏதாவது பதில் சொல்லியிருப்பார், ஒரு சண்டை வந்து முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. அவர் தேத்தண்ணீர் குடிக்க எழும்பிப் போனதும், கடைசிப் பொத்தானை அழுத்தாமல் பக்கத்தை மூடினேன். "முடிஞ்சுது" என்றேன். அவர் நன்றி சொன்னார்.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பெரிய வீரம் செய்துவிட்ட நினைப்பு. என்னவரிடம் சொன்னேன், சிரிப்பார் என்று. அவர் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உமக்கென்ன விசரே? அந்தாள் ஆருக்குப் போட்டால் உமக்கென்ன? உம்மட அப்பான்ர வோட்டைக் கள்ள வோட்டாப் போட்டவங்களை இண்டைக்கும் திட்டுறனீர். நாளைக்குப் போய் அனுப்பிவிடும்."

அப்பா ஒரு தேர்தலன்று குளித்து, வெள்ளை வேட்டி கட்டிப் போனவர். அவருடைய பெயருக்கு நேரே யாரோ ஏற்கெனவே கோடு இழுத்திருந்தார்கள். திரும்பி வந்து சாப்பிடாமல் படுத்தார். இதைச் சொல்லிச் சொல்லியே நாங்கள் வளர்ந்தோம். இருந்தும் நான் அடுத்த நாள் அனுப்பவில்லை, அதற்கடுத்த நாளும் அனுப்பவில்லை. ரோசம். பேந்து பார்த்தபோது கடைசித் திகதி கடந்துவிட்டது. அதன் பிறகு சொல்லத் தைரியம் வரவில்லை.

தேர்தலன்று அவருடைய காரை நான்தான் ஒட்டாவாவுக்கு ஓட்டினேன். ஏன் போனேன்? அங்கே எப்படியாவது விட்டுவிடுவார்கள் என்ற நப்பாசை. கிழவர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். நடைபாதையில் நீளமான வரிசை. கறுப்பர், வெள்ளையர், இந்தியர் எல்லாரும் கதைத்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நானும் அவரைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் நின்றேன். மேசையில் இருந்த கறுப்பினப் பெண் பட்டியலில் பார்த்தாள். இல்லை. திரும்பவும் பார்த்தாள். உள்ளே போய் வேறொருவரைக் கூட்டி வந்தும் பார்த்தாள். "ஐயா, உங்களுடைய படிவம் வரவில்லையே. என்னை மன்னிக்க வேண்டும்" என்றாள். அவளுக்கு உண்மையாகவே கவலை. அவளுடைய சனத்தை வாக்கில்லாமல் வைத்திருந்த இனத்துக் கிழவருக்காக அவள் மூன்று தரம் தேடினாள்.

திரும்பி வரும்போது, ஒன்ராறியோ எல்லையைத் தாண்டிய பிறகு, "நான்தான் அடையாள இலக்கத்தைப் பிழையாகச் சொல்லியிருப்பேன். என்னால் உன்னுடைய சனிக்கிழமையும் வீணாய்ப் போச்சு" என்றார். நான் வீதியைப் பார்த்தபடியே, "பரவாயில்லை" என்றேன். நான் அவரை மன்னித்துவிட்டேனாம்!

அவருடைய கட்சி கேட்டது எல்லாம் சரி என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். அது வேறு கதை. பிழையான கட்சிக்குப் போடுகிற உரிமையும் அவருடையது. அதை எடுத்தது என் கை. இதை நினைக்காத நாளில்லை.

அடுத்த குளிர்காலம் அவரை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று மனதைக் கட்டிக்கொண்டு போனேன். தாதி தலையணையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் அவருக்கு முகம் மலர்ந்தது.

"இவளைத் தெரியுமா?" என்று அவளிடம் சொன்னார். "என்னை வாக்குப் போடுவதற்காக ஒட்டாவா வரைக்கும் கூட்டிக்கொண்டு போனவள். என்னுடைய மகள்கூட அதைச் செய்ய மாட்டாள்."

தாதி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.