மூடிய அண்டா

நான் சமையல்காரன். எங்கள் பக்கம் தவசுப்பிள்ளை என்பார்கள். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. நடந்ததை நடந்தபடி எழுதத்தான் தெரியும்.

இது உலகச் சண்டை வருவதற்கு முந்தி. ஆலங்குளம் பக்கத்து நிலக்காரக் குடும்பம் ஒன்று சாரலுக்குக் குற்றாலம் வந்து ஒரு மாதம் தங்கியது. முப்பது பேருக்கு மேல் இருக்கும். ஐந்தருவிப் பாதையில் ஒரு மாந்தோப்பில் ஓலைக் கொட்டகை போட்டிருந்தார்கள். ஆக்கிப்போட என்னைத் தென்காசியிலிருந்து கூட்டிப்போனார்கள்.

சாரலில் விறகு எரியாது, புகையத்தான் செய்யும். அதனால் நான் உமி மூட்டை ஏற்றிக்கொண்டு போவேன். குழி வெட்டி, அடியில் தணல் போட்டு, அண்டாவை இறக்கி, சுற்றிலும் கழுத்துவரை உமியைத் திணித்துவிட்டால் போதும். தீ கண்ணுக்குத் தெரியாது. உள்ளுக்குள் கனன்றுகொண்டே கிடக்கும். அரிசி, தொலியோடு உடைத்த உளுந்து, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பூ, உப்பு, தண்ணீர். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூட வேண்டியதுதான். கிண்டுகிற வேலை இல்லை. சனம் எண்ணெய் தேய்த்து அருவிக்குப் போய்த் திரும்பும்போது உளுந்தஞ்சோறு குழைந்திருக்கும். மறுநாள் காய்கறி போட்டுக் கூட்டாஞ்சோறு. அதுவும் அப்படித்தான்.

குளித்துவிட்டு வருகிற பசிக்கு, இலை போடுமுன்னே உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு ஆள் தவிர.

அது அந்த வீட்டு இளைய மருமகள். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு தூக்கம் போய்விட்டதாம். தன் சோற்றில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று சொல்லிச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். அருவி தலையில் விழுந்தால் புத்தி தெளியும் என்று கூட்டிவந்திருந்தார்கள். மற்றவர்களுக்கு அந்தச் சாக்கில் சாரல்.

புருஷன் வாய் திறக்காத மனுஷன். வீட்டை நடத்துவது அவருடைய அக்கா. எல்லாருக்கும் அவள் ஆச்சி. வந்த அன்றே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சின்னவளை அண்டாப் பக்கம் விடக் கூடாது, என்ன கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அது மனதில் நின்றது.

ஆச்சிக்கு என் மேலும் நம்பிக்கை இல்லை. எண்ணெய்க் குடத்தை அசைத்துப் பார்ப்பாள். என் மடியைப் பார்ப்பாள். நானும் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சின்னவளின் சோற்றை மட்டும் ஆச்சியே வாங்கிக்கொண்டு கொட்டகைக்குள் போவாள். பிசைந்து கொடுத்தால்தான் இறங்கும் என்பாள். அந்தச் சோறு அப்படியே திரும்பி வரும். வண்டி மாட்டுக்குக்கூட வைக்கவிட மாட்டாள். குழி தோண்டிப் புதைக்கச் சொல்லுவாள். நல்ல சோற்றை யாராவது புதைப்பார்களா?

சின்னவள் நாளுக்கு நாள் வற்றினாள். மோதிரம் விரலில் நிற்காமல் நூல் சுற்றிப் போட்டிருந்தாள். அருவிக்கு நடக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டும். இப்படியே போனால் உயிரோடு ஊர் திரும்ப மாட்டாள் என்று எனக்குப் பட்டது. மற்றவர்களுக்கும் பட்டிருக்கும்.

ஒரு காலையில் ஆச்சி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த நேரம், சின்னவள் அடுப்படிக்கு வந்துவிட்டாள். தள்ளியே நின்றாள்.

"எப்பவும் மூடியே வச்சிருக்கீரே அண்ணாச்சி. உள்ள என்ன கெடக்குன்னு நான் எப்படிக் கண்டேன்?"

இன்னும் மூடவில்லை, வந்து பாருங்கள் என்றேன்.

வந்தாள். அரிசியைத் தானே களைந்தாள். பூண்டை மோந்து பார்த்தாள். அண்டாவில் ஊற்றுகிற தண்ணீரைக் குடிக்கச் சொன்னாள். குடித்தேன். உப்பை நக்கச் சொன்னாள். நக்கினேன். பிறகு மூடியை வைத்து விளிம்பு முழுக்க உளுந்தமாவைக் குழைத்து அப்பினேன். ஓரிடத்தில் ஈர்க்கு நுழைகிற அளவு துளை விட்டேன்.

"அது எதுக்கு?"

"ஆவி போகணும்மா. இல்லேன்னா மூடி பறந்துரும்."

"ஆவி வெளிய வார வழியில வேற எதுவும் உள்ள போகாதோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. ஒரு ஈர்க்கை ஒடித்துத் துளைக்குள் விட்டு அளவு பார்த்தாள். பிறகு மோதிரத்தைக் கழற்றி, ஈர மாவில் சுற்றிலும் அழுத்தி முத்திரை வைத்துவிட்டு அருவிக்குப் போனாள்.

திரும்பி வந்ததும் நேரே அண்டாவுக்குத்தான் வந்தாள். மாவு ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. மோதிரத் தடத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் கண்முன்னே உடைத்துத் திறந்தேன். அடுப்படியிலேயே இலை போட்டு உட்கார்ந்தாள். ஒரு பருக்கையை நாக்கில் வைத்துக் காத்திருந்தாள். அப்புறம் தின்றாள். மறுபடி வாங்கித் தின்றாள். புருஷன் மரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். அருவி வேலை செய்துவிட்டது என்று சனம் பேசிக்கொண்டது.

சில நாள் இப்படியே போனது. சின்னவளுக்கு நடையில் பலம் வந்தது. அப்போதுதான் ஆச்சி ஒரு பொட்டலத்தோடு என்னிடம் வந்தாள்.

"வேய், அவ இப்போ ஒம்ம கையாலதான் திங்குதா. இத அவ சோத்துல மட்டும் போட்டுரும்."

என்ன இது என்று கேட்டேன். வேண்டாதவர்கள் யாரோ சின்னவளுக்குச் சோற்றில் மருந்து வைத்துவிட்டார்களாம். அதனால்தான் புத்தி பிசகிவிட்டதாம். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியர் கொடுத்த முறிமருந்துப் பொடி இது. அவளுக்குத் தெரியாமல் சோற்றோடு போனால்தான் கேட்குமாம். தை மாதத்திலிருந்து கொடுத்துவருகிறார்களாம். கொஞ்சம் கசக்கும், பூண்டைக் கூடப் போடச் சொன்னாள்.

சோற்றில் கலக்கிறார்கள் என்று சின்னவள் சொல்ல ஆரம்பித்தது எப்போது என்று கேட்டேன். அது தை மாதத்துக்கு முந்தியே என்றாள் ஆச்சி. யோசிக்காமல் சொன்னாள். அந்த வேகம் எனக்குச் சரியாகப் படவில்லை.

"முடியாதுன்னா இப்பவே சொல்லும். தென்காசியில வேற தவசுப்பிள்ளையா இல்ல?"

பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். ஆச்சி கெட்ட எண்ணத்தில் செய்தாள் என்று நான் எழுத வரவில்லை. அவள் அந்தப் பொடியை நம்பினாள். நான் நம்பவில்லை. நான் மாட்டேன் என்றால் வேறு ஒரு கையைத் தேடிப் பிடிப்பாள். அதை யோசித்துக்கொண்டேதான் அண்டாவைத் திறந்தேன்.

அன்றைக்குச் சின்னவள் எல்லாரோடும் பந்தியில் உட்கார்ந்திருந்தாள். இலையில் உப்பு வைத்தேன், துவையல் வைத்தேன். பக்கத்தில் பொட்டலத்தையும் வைத்தேன்.

"இது என்ன அண்ணாச்சி?"

"ஆச்சி குடுத்தாக. ஒங்க சோத்துல போடச் சொன்னாக."

பந்தி முழுக்கக் கை நின்றுவிட்டது. எல்லாம் அவள் நல்லதுக்குத்தான் என்றாள் ஆச்சி. சின்னவள் பொட்டலத்தைப் பிரித்தாள், மோந்தாள், துளியூண்டு நாக்கில் வைத்தாள். அந்தக் கசப்பு அவளுக்குப் பழக்கமானது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. புருஷனைப் பார்த்து, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். அவர் தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னையக் கிறுக்கின்னு சொன்னீகளே."

சத்தம் போடவில்லை. பொட்டலத்தை மடித்து ஆச்சி பக்கம் நீட்டினாள்.

"நல்லதுன்னா நீங்க முதல்ல கொஞ்சம் சாப்பிடுங்க மதினி."

ஆச்சி கை நீட்டவில்லை. சின்னவள் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டு, என்னிடம் சோறு போடச் சொன்னாள். போட்டேன்.

அன்றைக்கே என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். பாத்திரம் கட்டும்போது சின்னவள் வந்து நின்றாள்.

"இதுக்கு முந்தி நீரும் போட்டீரா?"

"இல்லம்மா."

என் முகத்தையே பார்த்தாள். நம்பினாளோ என்னவோ. பிறகு, மூட்டையிலிருந்த சின்ன வெண்கலப் பானையைக் காட்டி, அதை விட்டுவிட்டுப் போக முடியுமா என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். முந்தானையில் மறைத்துக்கொண்டு போனாள்.

தென்காசி போய்ச் சேருமுன் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது. குற்றாலத்தில் பொம்பளை இலையில் மருந்து வைத்த தவசுப்பிள்ளை என்று என் பேர் ஆகிவிட்டது. கல்யாண வீடுகளில் கூப்பிடவில்லை. சாமானைத் தொட்டால் என் கையைப் பார்ப்பார்கள். நான் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் சந்தேகப்படுவார்கள்.

ரொம்ப நாள் கழித்து இலத்தூரில் ஒரு சடங்கு வீட்டில் வேலை கிடைத்தது. அங்கே அந்தக் குடும்பத்துக்கு வேண்டப்பட்ட ஒருவர் சாப்பிட வந்திருந்தார். அந்த வீட்டுச் சின்னவள் எப்படி இருக்கிறாள் என்று மெதுவாகக் கேட்டேன்.

"அத ஏன் கேக்கீரு. ஒத்தப் பானைய வச்சுக்கிட்டுத் தனியா ஆக்கித் திங்குதா. ஒருத்தரையும் கிட்ட விடமாட்டா."

உடம்பு எப்படி என்று கேட்டேன்.

"ஒடம்புக்கு என்ன, நல்லாத் தேறிட்டா. கிறுக்குதான் இன்னும் போகல."

ரசம் கேட்டார். ஊற்றினேன்.