ஹால்பி ஊர் ஹாவிசாக்கள்

ஹால்பியில் தெருவில் நின்று "ஹாவிசா" என்று கூப்பிட்டால் பாதிப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். செம்பட்டை ஹாவிசா, நெட்டை ஹாவிசா, ஆட்டுக்கார ஹாவிசா என்று அடைமொழி போட்டால்தான் வேலை நடக்கும். எல்லாவற்றுக்கும் காரணம் பீர் காய்ச்சும் ஹாவிசா. ஞானஸ்நானத்தில் குழந்தையைத் தூக்கும் ஞானத்தாயின் பெயரைத்தான் பெண்பிள்ளைக்கு வைப்பார்கள். ஹாவிசா முதலில் தூக்கிய நோஞ்சான் குழந்தை பிழைத்துக் கொழுகொழுவென்று ஆனதும், அவள் கை ராசியான கை என்று பேச்சு கிளம்பிவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? யார் வீட்டில் பிரசவம் என்றாலும் முளைகட்டிய பார்லியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடுவாள். பிள்ளை பெறாமலே புருஷனைப் பறிகொடுத்தவள். அந்த ஓட்டத்தில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

வாய் மட்டும் கொஞ்சம் நீளம். பீரை ருசிபார்த்துத் தரம் சொல்ல வரும் ஊர் அதிகாரி "தண்ணியா இருக்கே" என்றால், "நேத்துக் குடிச்ச நாக்கோட வந்தா எல்லாம் தண்ணியாத்தான் இருக்கும்" என்று அனுப்பிவைப்பாள்.

கூரை வேயும் தர்ஸ்டன் அவள் கொட்டகையைச் சரிசெய்ய வந்தான். மனைவியை இழந்தவன், பன்னிரண்டு வயதில் ஒரு மகள். அவள் பெயரும் ஹாவிசாதான். ஒரு வார வேலையை அவன் அறுவடை வரைக்கும் இழுத்தான்.

"இன்னும் ஒழுகுதா?" என்று தினமும் கேட்பான்.

"எங்க ஒழுகுது? நீதான் தினம் ஒரு ஓட்டை போடுற."

"பேசாம என்னைக் கட்டிக்கோ. கூலியாவது மிச்சமாகும்."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. சரி என்றாள்.

தடை சொல்ல யாராவது உண்டா என்று மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண ஓலையை முதல் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வாசித்ததுமே ஊர் மணியக்காரர் எழுந்தார். "சாமி, இவன் பொண்ணு பேரே ஹாவிசா. ஞானத்தாயும் பிள்ளையோட அப்பனும் எப்படிக் கட்டிக்க முடியும்? கூடப்பொறந்த முறையில்ல ஆச்சு?"

சாமியார் ஊருக்குப் புதியவர். "அந்தப் பிள்ளையை நீ தூக்குனியா, இல்லையா?" என்று ஹாவிசாவைக் கேட்டார்.

அவள் விழித்தாள். எத்தனையோ குழந்தைகள், எத்தனையோ வழுக்கைத் தலைகள். ஊர்ச் சிறுமிகள் அத்தனை பேரும் அவளை ஞானம்மா என்றே கூப்பிட்டதில், யார் அவள் தூக்கிய பிள்ளை, யார் ஊரோடு சேர்ந்து கூப்பிடுபவள் என்று அவளுக்கே குழம்பிப் போயிருந்தது. பிறந்த அன்றே ஞானஸ்நானம் நடந்தபோது தர்ஸ்டன் எங்கோ வெளியூரில் கூரைமேல் இருந்தான்; தூக்கியது யார் என்று கேட்டுவைக்கவும் இல்லை. குழந்தையின் தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள், மருத்துவச்சி போய்ச் சேர்ந்துவிட்டாள், பழைய சாமியாரும்தான்.

"தெரியலையே சாமி," என்றாள். கோவிலே சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள். வீட்டுக்கு வந்து, அண்டா பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மூன்றாம் ஓலைக்குள் பார்த்த சாட்சி வர வேண்டும், இல்லாவிட்டால் கல்யாணம் கிடையாது என்றார் சாமியார். ஹாவிசா வீடு வீடாக ஏறி இறங்கினாள். கடைசியில் வேண்டாவெறுப்பாக மாவு ஆலைக்குப் போனாள். ஆலைக்காரர் மனைவி இடோனியா பல வருஷமாக அவளோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. காரணம் யாருக்கும் தெரியாது.

"இந்த வாசலுக்கு இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதா?"

"அக்கா, தர்ஸ்டன் பொண்ணைத் தூக்குனது யாருன்னு ஞாபகம் இருக்கா?"

இடோனியா சல்லடையைக் கீழே வைத்தாள். "இதை யாராவது கேப்பாங்களான்னு பன்னண்டு வருஷமா பாத்துட்டிருக்கேன். நான்தான்டி தூக்குனேன். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் நீ பீர் பொங்குதுன்னு வரவே இல்ல. புள்ள என் கையில. பேரென்னன்னு சாமி கேட்டாரு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள மருத்துவச்சி, 'ஹாவிசான்னு வைக்கச் சொல்லி அம்மாக்காரி சொல்லிவிட்டா'ன்னுட்டா. என் பேரு என்ன, கசக்குதா?"

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அக்கா?"

"என் பேரை வேண்டாம்னுட்டாங்கன்னு நானே தண்டோரா போடணுமா?"

"இப்போ எல்லார் முன்னாடியும் சொல்லணும் அக்கா. உங்களை விட்டா எனக்கு ஆளில்ல."

"வேலை கிடக்கு, போ," என்று இடோனியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாம் ஞாயிறு. பார்த்த சாட்சி யாராவது இருக்கிறீர்களா என்று சாமியார் கேட்டார். தர்ஸ்டன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்வரிசையில் மரச்செருப்புச் சத்தம் கேட்டது.

"நான்தான் சாமி தூக்குனேன்," என்றாள் இடோனியா. "பேரு மட்டும்தான் அவளோடது. என் பேரை அவங்க கேக்கல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆனால் தர்ஸ்டனின் மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஞானப்பிள்ளைகள் செய்வதுபோல இடோனியாவின் முன்னால் மண்டியிட்டு ஆசீர்வாதம் கேட்டாள். இடோனியா அவள் தலையில் கைவைத்தவள், எடுக்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுந்திரு, பாவாடையெல்லாம் சேறு," என்று அதட்டினாள்.

கோவில் வாசலில் கல்யாணம் நடந்தது. ஹால்பியே குடித்துத் தீர்த்தது. தன் பெயர் வாங்கிய பெண்கள் எல்லாரும் வரிசையாக வந்து ஹாவிசாவுக்கு முத்தம் கொடுத்து, "வர்றோம் ஞானம்மா" என்று அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் அவள் தூக்காதவள் ஒருத்திதான். அவள் மட்டும் போகவில்லை. வெட்கத்தோடு பக்கத்தில் வந்து நின்று, "பசிக்குதும்மா," என்றாள்.