பூக்கார அக்காவுக்குப் பென்சிலால் சேலை கட்டியவர்

இன்று காலை லிட்டில் இந்தியாவில் சாமிக்கு மாலை வாங்கப் போனேன். மோட்டார் சைக்கிளைப் பூக்கடைக்கு முன்னால் நிறுத்தினேன்.

பூக்கார அக்கா வழக்கம்போல் கால்பந்து ஜெர்சியில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். எதிரே கைப்பேசியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது.

எதிர்க்கடை வாசலில் மடக்கு நாற்காலி போட்டு ஓர் ஓவியர் அவரைப் பென்சிலில் வரைந்துகொண்டிருந்தார். சட்டையில் "அன்றாட வாழ்வை வரைவோம்" என்று அச்சடித்திருந்தது.

"அக்கா, அந்த போனைக் கொஞ்சம் எடுத்து வைங்க. இயல்பா இருங்க."

"இயல்பாத்தான்லா இருக்கேன்," என்றார் அக்கா. கையும் நிற்கவில்லை, சீரியலும் நிற்கவில்லை.

அடுத்து ஓவியர் என்னிடம் வந்தார். "உங்க மோட்டார் கண்ணை உறுத்துது. பழைய தெரு பாருங்க."

பழைய தெருவாம்! என் முழங்காலும்தான் பழையது, அதனால்தானே மோட்டாரில் வருகிறேன். நகர்த்தவில்லை. அவர் ரப்பரை எடுத்துப் படத்திலிருந்து என் மோட்டாரையே அழித்துவிட்டார்.

கடைசியில் படத்தைக் காட்டினார். அதில் ஜெர்சி இல்லை, போன் இல்லை. பட்டுச்சேலை, பெரிய பொட்டு, பக்கத்தில் குத்துவிளக்கு. கடைக்கு முன்னால் ஒரு மாடு வேறு!

அக்கா நிதானமாகப் பார்த்தார்.

"அழகா இருக்குலா தம்பி. யாரு இவங்க? வேலைக்கு வருவாங்களான்னு கேளு. வெள்ளிக்கிழமைன்னா கடையில ஆள் பத்தல."

ஓவியர் அதையும் பாராட்டு என்று நினைத்து நன்றி சொன்னார்.

படத்தில் உள்ள பெண்ணைத் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். வேலை காத்திருக்கிறது. மாட்டைக் கூட்டிவர வேண்டாம். அங்கே என் மோட்டார் நிற்கும்.