கம்பெனி சோக்கும் வெளிச் சோக்கும்

எங்கள் வீட்டில் 'சோக்' என்ற சொல்லுக்கு மூன்று பொருள். என் கணவர் தென்காசியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். அவருக்கு அது டியூப்லைட்டுக்கு மாட்டும் பெட்டி. எனக்கு, மகள் பிறந்த பிறகு, அது குழந்தையின் தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொள்வது. திராட்சையை நான்காக வெட்டிக் கொடுத்துவிட்டு, நான்கு போதுமா என்று யோசிக்கிறவள் நான். மூன்றாவது, என் துப்பாக்கியின் சோக்.

நான் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடுகிறவள். கல்லூரியில் என்.சி.சி.யில் ரைஃபிள் பிடித்ததில் தொடங்கி, லைசென்ஸ் எடுத்து, ஒற்றைக் குழல் துப்பாக்கி வாங்கும் வரை வந்துவிட்டது. திருவேங்கடம் போகும் வழியில் மானாவாரிக் காட்டுக்குள் எங்கள் கிளப்பின் மைதானம். இயந்திரம் தட்டை வீசும். தரையில் விழுவதற்குள் உடைக்க வேண்டும். தோட்டாவிலிருந்து ஒற்றைக் குண்டு போகாது, கடுகு போல ஈய ரவைகள் கூட்டமாகப் போகும். அந்தக் கூட்டம் கண்டபடி சிதறாமல் இருக்க, குழலின் முனையில் திருகி வைக்கும் விரல் நீள இரும்புக் குழாய்தான் சோக். செடிக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸின் வாயை விரலால் அழுத்துகிறோமே, அந்த வேலை.

பிரசவத்துக்குப் பிறகு மறுபடி மைதானத்துக்குப் போகத் தொடங்கியபோது மாவட்ட அணித் தேர்வு வந்தது. இந்தத் தடவை இடம் கிடைக்காவிட்டால், மகள் பள்ளிக்கூடம் போகும் வரை துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. சொன்ன மறுநிமிடமே ஏன் சொன்னோம் என்று இருந்தது. ஆனால் அடுத்த வீட்டில் இருக்கும் என் நாத்தனார், நான் மைனி என்று கூப்பிடுகிறவர், அதைக் கேட்டுவிட்டார். அவர் காதில் விழுந்த சொல் வாபஸ் ஆகாது.

பயிற்சியில் தட்டுகள் தப்பிக்கொண்டே இருந்தன. குறை என்னிடமா, சோக்கிலா? சோக்கில் என்று நினைப்பது வசதியாக இருந்தது.

"சோக்கை மாத்தணும்ங்க," என்றேன் கணவரிடம்.

"எந்த ரூம்ல போச்சு?"

விளக்கினேன். துப்பாக்கியோடு வந்தது ஒன்று இருக்கிறது, வேறு கம்பெனி தனியாகச் செய்து விற்பதும் இருக்கிறது, அதை வாங்கலாமா?

"வெளிச் சாமானா?" என்று முகத்தைச் சுளித்தார். "நான் ரெண்டையும் விக்கவன், சொல்லுதேன் கேளு. கம்பெனி சோக்கு பேசாமக் கெடக்கும். வெளிச் சோக்கு ஆறு மாசத்துல கொய்ங்னு கத்த ஆரம்பிச்சிரும்."

"துப்பாக்கிச் சோக்கு கத்தாதுங்க."

"துப்பாக்கியே கத்துது, பெறவென்ன?"

ஆனாலும் மதுரைக் கடையிலிருந்து அவரே வாங்கி வந்தார். நீல வளையம் போட்டு, குழலுக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டு நின்றது. சாவி இல்லாமல் கையாலேயே திருகலாம். இரண்டு சோக்கிலும் ஒரே அளவின் பெயர்தான் பொறித்திருந்தது. ஆனால் ஒரு கம்பெனியின் அளவு இன்னொரு கம்பெனிக்குப் பொருந்தாது, நைட்டிக் கடைகளின் எக்ஸ்.எல். சைஸ் மாதிரி. சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரே தோட்டா, ஒரே தூரம், பெரிய தாள்கள். ஒவ்வொரு சோக்கிலும் சில தாள்கள் சுட்டுச் சுருட்டி எடுத்து வந்தேன். ஈயம் பட்ட தாள் குழந்தை தவழும் வீட்டுக்குள் வரலாமா? கூடாது. கடைக்குப் பின்னால் இருக்கும் குடோனில் விரித்தேன். கை கழுவினேன். இன்னொரு முறையும் கழுவினேன்.

ஓட்டைகளுக்கு நடுவே உள்ள வெற்றிடங்களில் ஒரு களிமண் தட்டை வைத்து வைத்துப் பார்த்தேன். தட்டு முழுசாக உட்காரும் இடமெல்லாம் அது தப்பித்துப் போகும் இடம். வெளிச் சோக்கு நடுவில் கனமாக, குற்றாலத்து மெயின் அருவி மாதிரி ஒரே இடத்தில் கொட்டியிருந்தது, ஓரம் காலி. கம்பெனி சோக்கு ஐந்தருவி மாதிரி பிரிந்து விழுந்திருந்தது. ஓரம் பரவாயில்லை, இடையிடையே சந்து. முடிவு கிடைத்தது என்று எழுந்தேன். கடைசித் தாளைப் பார்த்தால், வெளிச் சோக்கும் ஐந்தருவியாகியிருந்தது.

கணவர் எட்டிப் பார்த்தார். "எது தேவலை?"

"ரெண்டும் தேவலை. ரெண்டுலயும் கொறை இருக்கு."

"மாப்பிள்ளை பாத்தப்பவும் இதத்தான் சொன்னியாம்."

தேர்வு நாளன்று ஒரு திட்டம் வைத்திருந்தேன். முதல் சுற்றுகள் கம்பெனி சோக்கில். சரிப்படாவிட்டால் கடைசிச் சுற்றுக்கு வெளிச் சோக். சரிப்படவில்லை. பையைத் திறந்தால் நீல வளையத்தைக் காணோம். மேசை மேல் வைத்த ஞாபகம். மகளைப் பார்த்துக்கொண்டிருந்த மைனிக்குப் போன் போட்டேன்.

"மைனி, மேசை மேல சோக் இருக்கும். அவுக சாப்பாடு கொண்டு வருவாங்கல்லா, குடுத்து விடுங்க."

"சரிட்டி, பதறாத."

கடைசிச் சுற்றுக்குக் கொஞ்சம் முன்னால் கணவர் பைக்கில் வந்து பையை நீட்டினார். உள்ளே, இரண்டு வயர் தொங்க, ஒரு டியூப்லைட் சோக்.

கிளப் செயலாளர் எலுமிச்சை மண்டி வைத்திருக்கும் புளியங்குடி அண்ணாச்சி. அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தங்கச்சி, இத மாட்டுனா தட்டு ஒடையாது. லைட்டு எரியும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது சூடாகிவிட்டது. மைனிக்கு மறுபடி போன்.

"சோக்குன்ன, மேசை மேல கெடந்த சோக்கக் குடுத்து விட்டேன். என்ன கொறை கண்ட?"

குறை அவரிடம் இல்லை. அப்போதுதான் நினைவு வந்தது. காலையில், சின்னப் பொருள், குழந்தை வாயில் போட்டுவிடும் என்று, அந்த நீல வளையத்தை நானே எடுத்து அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்திருந்தேன்.

வேறு வழியில்லை. துப்பாக்கியில் இருந்ததோடு போய் நின்றேன். விநோதமாக இருந்தது. தட்டு தப்பினால், வெளிச் சோக்காக இருந்தால் உடைந்திருக்குமோ என்று நினைக்க நேரம் இல்லை, அதுதான் இல்லையே. தட்டை வீசச் சொல்லிக் குரல் கொடுத்தேன், பார்த்தேன், சுட்டேன். அவ்வளவுதான். பாதிச் சுற்றுக்கு மேல் போனபோதுதான், சோக்கைப் பற்றி நான் எதுவுமே யோசிக்கவில்லை என்பதைக் கவனித்தேன்; உடனே ஒன்று தப்பியது. கவனிப்பதை நிறுத்தினேன்.

கடைசித் தட்டு வலது பக்கமாகச் சாய்ந்து போனது. சுட்டேன். முழுசாகப் போவது போலத்தான் எனக்குத் தெரிந்தது. துப்பாக்கியை இறக்கிவிட்டேன். பள்ளிக்கூடம் சேர்க்கும் வயசு என்ன, மூன்றா, மூன்றரையா என்று மனசு கணக்குப் போடத் தொடங்கிவிட்டது.

"ஒடஞ்சிட்டு!" என்று பின்னாலிருந்து கணவர் கத்தினார்.

"பேசப்பிடாது," என்றார் நடுவர் அவரைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பி, "துண்டு விழுந்துச்சும்மா. நான் பார்த்தேன். ஹிட்," என்றார். ஓரத்தில் விரலளவு துண்டு சிதறினாலும் போதும், அது விதி.

அண்ணாச்சி அணியை வாசித்தார். கடைசிப் பெயர் என்னுடையது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் அவரிடம் போய், "அண்ணாச்சி, சரியாத்தான் எண்ணுனீங்களா? இன்னொரு வாட்டி எண்ணிப் பாருங்களேன்," என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "தோத்தவன் கேப்பான். செயிச்சுட்டுக் கேக்க ஆளு நீ ஒருத்திதான். எண்ணட்டுமா? எண்ணி எறங்கிப் போச்சுன்னா என்னய வையக் கூடாது."

"எண்ண வேண்டாம் அண்ணாச்சி, நீங்க போங்க," என்று கணவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பைக்குக்கு நடந்தார்.